மூன்றாம் நாள் மஞ்சள்

அரசு மருத்துவமனையில் சுகப்பிரசவம் என்றால், சிக்கல் இல்லாதபோது இரண்டு நாளில் தாயையும் பிள்ளையையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தூத்துக்குடியில் பிரசவித்து வேம்பாருக்கோ மணப்பாட்டுக்கோ திரும்புகிறவர்களுக்கும் இதே கணக்குதான். பச்சிளம் குழந்தையின் மஞ்சள் காமாலை உச்சத்துக்குப் போவதோ மூன்றிலிருந்து ஐந்தாம் நாளுக்குள். அந்த நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருப்பது அம்மாவும் ஆச்சியும்தான். எது சாதாரணம், எது ஆபத்து என்று அவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும்.

நிறைமாதக் குழந்தைகளில் நூற்றுக்கு 60 பேருக்கும், குறைமாதத்தில் பிறந்தவர்களில் 80 பேருக்கும் முதல் வாரத்தில் மஞ்சள் தட்டும். கருவில் பிள்ளைக்குச் சிவப்பணுக்கள் அதிகம். அவை உடையும்போது பிலிரூபின் என்ற மஞ்சள் பொருள் உண்டாகிறது. பிறக்கும்வரை நஞ்சுக்கொடி வழியாக அதை அம்மாவின் கல்லீரல் வெளியேற்றியது. பிறந்தபின் பிள்ளையின் கல்லீரல் அந்த வேலைக்குப் பழகச் சில நாள் பிடிக்கிறது. இந்த வகை இரண்டு வாரத்துக்குள் தானாக வடிந்துவிடும்.

ஆனால் பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தால் அது இந்த வகை அல்ல. அம்மாவுக்கு நெகட்டிவ் ரத்தமும் பிள்ளைக்குப் பாசிட்டிவ் ரத்தமும் இருந்தால், அல்லது அம்மா 'ஓ' பிரிவாகவும் பிள்ளை 'ஏ', 'பி' பிரிவாகவும் இருந்தால், தாயின் எதிர்ப்புப் பொருள்கள் பிள்ளையின் சிவப்பணுக்களை உடைக்கலாம். நெகட்டிவ் தாய்க்குப் பிரசவமான 72 மணி நேரத்துக்குள் போடும் ஆன்டி-டி ஊசி அடுத்த பிள்ளையைக் காக்கும். ஜி6பிடி என்னும் நொதிக் குறைபாடு இன்னொரு காரணம். ஆண் குழந்தைகளிடம் அதிகம். பாச்சை உருண்டை போட்டு வைத்த பழைய துணியில் இந்தக் குறைபாடுள்ள பிள்ளைகளைச் சுற்றினால், அந்த நெடியே சிவப்பணுக்களை உடைத்துவிடும்.

பால் போதாததாலும் மஞ்சள் ஏறும். மலம் வழியாகத்தான் பிலிரூபின் வெளியேற வேண்டும். பால் குறைந்தால் மலமும் குறையும். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டும் வழக்கம் இங்கேதான் கெடுதல் செய்கிறது. நாளுக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை தாய்ப்பால் கொடுப்பதே முதல் வைத்தியம்.

பிள்ளையைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். காமாலை இருந்தால், நெஞ்சில் விரலால் அழுத்தி எடுக்கும்போது அந்த இடம் வெளுப்பதற்குப் பதில் மஞ்சளாகத் தெரியும். மஞ்சள் முகத்தில் தொடங்கிக் கீழே இறங்கும். மாநிறப் பிள்ளைகளிடம் கண் ஏமாற்றலாம் என்பதால் ஈறையும் கண்ணின் வெள்ளையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உள்ளங்கை, உள்ளங்கால் மஞ்சளானாலோ, பிள்ளை பால் குடிக்காமல் துவண்டாலோ, கீச்சுக் குரலில் அழுதாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அளவு மிகுந்த பிலிரூபின் மூளையில் படிந்தால் செவித்திறனும் கைகால் அசைவும் நிரந்தரமாகப் பாதிக்கப்படும்.

அங்கே கண்ணைக் கட்டி, நீல ஒளியில் கிடத்துவார்கள். இங்கிலாந்தின் ரோச்ஃபோர்டு மருத்துவமனையில் வெயில் பட்ட இடத்தில் பிள்ளையின் மஞ்சள் குறைந்ததை 1956இல் ஜீன் வார்டு என்ற செவிலியர் கவனித்ததிலிருந்து பிறந்த சிகிச்சை இது. அதற்காக முற்றத்து இளவெயிலை நம்பி நாளைக் கடத்தக் கூடாது. அதன் அளவை யாராலும் கட்டுப்படுத்த முடியாது. கீழாநெல்லிச் சாறும் வேண்டாம்.

இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் வடியாவிட்டால் மலத்தின் நிறத்தைப் பாருங்கள். நன்றாகப் பால் குடித்து, மலம் மஞ்சளாகவே போனால் தாய்ப்பாலால் வரும் தீங்கில்லாத வகையாக இருக்கலாம். ஆனாலும் ரத்தம் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும். மலம் சுண்ணாம்பு போல வெளுத்து, சிறுநீர் துணியில் மஞ்சள் கறை விட்டால் பித்தநாளம் அடைத்திருக்கலாம். அதைச் சரிசெய்யும் அறுவை சிகிச்சை, பிள்ளைக்கு 60 நாள் ஆவதற்குள் நடந்தால்தான் நல்ல பலன் தரும்.