காவிரிக் கரையில் எண்ணெய் – 9: வாசலுக்கு வெளியே நிற்கும் ஊராட்சி

ஜூலை 16 காலையில் கும்பகோணம் காசிராமன் தெருவுக்குப் போகிறவர்களுக்குப் பேச்சு வராது. பள்ளி இருந்த கட்டடத்தின் முன்னால் பிள்ளைகளின் படங்களை வைத்து, மாலை சாத்தி, மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள் பெற்றோர். 2004-இல் அதே நாள் ஓர் ஆடி வெள்ளி. சத்துணவு சமைத்த இடத்தில் கிளம்பிய தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 பிள்ளைகளைக் கொண்டுபோயிற்று.

எண்ணெயைப் பற்றிய தொடரில் பள்ளிக்கூடம் எங்கே வந்தது என்று நீங்கள் கேட்கலாம். இந்த வாரம் நான் எழுத வந்திருப்பது ஒரு சீட்டைப் பற்றி. அந்தச் சீட்டைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்குக் காசிராமன் தெருதான் கண்முன் வருகிறது. அந்தக் கட்டடத்துக்குப் பொறியாளரின் சான்று இருந்தது. பள்ளிக்கு அரசு அங்கீகாரம் இருந்தது. ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள் நடந்தன. கீற்றும் அடுப்பும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருந்தது, மாடியேறிப் போன எவர் கண்ணிலும் பட்டிருக்கும். 2014 ஜூலை 30 அன்று தஞ்சாவூர் நீதிமன்றம் பத்துப் பேரைத் தண்டித்தது. அவர்களில் பள்ளி நடத்தியவர்கள் மட்டுமல்ல, கல்வித் துறையைச் சேர்ந்தவர்களும் சான்று கொடுத்த பொறியாளரும் இருந்தார்கள். 2017-இல் உயர்நீதிமன்றம் தண்டனைகளைக் குறைத்தது, சிலரை விடுவித்தது. வழக்கின் முடிவு எப்படியோ போகட்டும். என் மனத்தில் நிற்பது வேறு: தாளில் எல்லாம் சரியாக இருந்த நாளில்தான் அது நடந்தது.

சென்ற வாரம் கதிராமங்கலத்தில் நிறுத்தியிருந்தேன். கும்பகோணத்திலிருந்து சிறிது தூரம்தான். 2017 ஜூன் 30 அன்று வயலுக்கு அடியில் போகும் ஓ.என்.ஜி.சி. குழாய் கசிந்து, கச்சா எண்ணெய் மண்ணுக்கு மேலே வந்தது. ஊரே திரண்டு மறித்தது. தடியடி நடந்தது, கைதுகள் நடந்தன. குழாய் எப்போது பதித்தது, கடைசியாக எப்போது சோதித்தது, சோதித்தவர் யார்? இந்த மூன்று கேள்விக்கும் பதில் சொல்லும் தாள் ஏதும் ஊராட்சி அலுவலகத்தில் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வயல் ஊருடையது, கசிவு ஊருடையது, பராமரிப்புப் பதிவேடு வேறு யாருடையதோ.

இந்தப் பக்கத்து எண்ணெய்க்குச் சுத்திகரிப்பு ஆலை வந்தது நாகூர்ப் பக்கம், பனங்குடியில். சென்னை பெட்ரோலியம் நிறுவனம் 1993-இல் ஆண்டுக்கு ஐந்து லட்சம் டன் கொள்ளளவில் தொடங்கியது, பிறகு பத்து லட்சம் டன்னாயிற்று. நரிமணத்துக் கச்சா எண்ணெய்தான் அதற்கு உணவு. அந்தப் பழைய ஆலை இப்போது ஓடவில்லை. அதே இடத்தில் ஆண்டுக்கு 90 லட்சம் டன் சுத்திகரிக்கும் புதிய ஆலைக்கு 2021 பிப்ரவரி 17 அன்று பிரதமர் அடிக்கல் நாட்டினார். பழையதைப்போல் ஒன்பது மடங்கு. டெல்டாவை வேளாண் மண்டலமாகப் பாதுகாக்க 2020-இல் வந்த மாநிலச் சட்டம் புதிதாக எண்ணெய் எடுப்பதைத் தடுக்கிறது. எடுத்த எண்ணெயைச் சுத்திகரிக்கும் ஆலை அந்தத் தடைப் பட்டியலில் இல்லை.

ஆலை நின்றால் ஆபத்தும் நின்றுவிடும் என்று நினைக்க வேண்டாம். 2023 மார்ச் 2 இரவு நாகூர் பட்டினச்சேரிக் கடற்கரையில் அந்த நிறுவனத்தின் குழாய் கசிந்து கச்சா எண்ணெய் கடலில் கலந்தது. குழாயையே பெயர்த்தெடுக்கச் சொல்லி மீனவர்கள் போராடினார்கள். ஓடாத ஆலைக்கும் பராமரிப்பு வேண்டும், பிரித்து அகற்றும் ஆலைக்கு அதைவிட அதிகமாக வேண்டும்.

இனி அந்தச் சீட்டுக்கு வருகிறேன்.

சுத்திகரிப்பு ஆலையில் ஓர் ஆணியைக் கழற்றுவதாக இருந்தாலும் எழுத்தில் அனுமதி வேண்டும். ‘பர்மிட்’ என்பார்கள். நெருப்புப் பொறி பறக்கும் வேலை என்றால் ‘ஹாட் பர்மிட்’. தொட்டிக்குள் ஆள் இறங்க வேண்டுமென்றால் அதற்குத் தனிச் சீட்டு. குழாயை இரு பக்கமும் அடைத்து, நடுவில் இரும்புத் தகடு செருகி, உள்ளே இருந்ததை வடித்து, நீராவி விட்டுக் கழுவி, வாயு மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே கையெழுத்து விழ வேண்டும். இது ஏதோ சம்பிரதாயம் அல்ல. பெட்ரோல் ஆவி காற்றில் 1.4 விழுக்காடு கலந்தாலே தீப்பிடிக்கும். கந்தகம் கலந்த எண்ணெய் ஓடிய பழைய தொட்டிச் சுவரில் இரும்புச் சல்ஃபைடு படிந்திருக்கும். அது காய்ந்து காற்றுப் பட்டால் தீக்குச்சியே வேண்டாம், தானாகக் கனலும். அதனால்தான் தொட்டியைத் திறக்கும்போது உள்ளே ஈரமாகவே வைத்திருப்பார்கள்.

தாராசுரத்தில் ஒரு வெல்டர் இருக்கிறார். இருபது ஆண்டாக ஷட்டவுன் வேலைக்கு வெளிமாநில ஆலைகளுக்குப் போய்வருகிறவர். ஆலையை நிறுத்தி ஒட்டுமொத்தமாகப் பழுது பார்க்கும் முப்பது நாற்பது நாள்தான் ஷட்டவுன். ஒருநாள் தள்ளிப்போனாலும் பெரும் நஷ்டம் என்பதால் இரவு பகலாக வேலை ஓடும். ஒரு மாலை ஐராவதேசுவரர் கோயில் புல்வெளியில் உட்கார்ந்து அவரிடம் பேசிக்கொண்டிருந்தேன்.

“பர்மிட் இல்லாம நான் டார்ச்சைப் பத்த வைக்க மாட்டேன்ண்ணே. ஆனா காலையில ஏழு மணிக்கு மீட்டர் வச்சுப் பாக்குறாங்க. சாரம் கட்டி முடியறதுக்குள்ள பதினோரு மணி ஆயிடுது. அந்த நாலு மணி நேரத்துல உள்ள என்ன ஊறிச்சின்னு சீட்டுக்குத் தெரியுமா?”

திரும்பப் பார்க்கச் சொல்லக் கூடாதா என்றேன்.

“சொல்லலாம். சொன்னா அடுத்த ஷட்டவுனுக்குக் கான்ட்ராக்டர் வேற ஆளைக் கூட்டிட்டுப் போவாரு. ஆலைப் பேரு மட்டும் எழுதிடாதீங்கண்ணே, புள்ளைங்க படிக்குது.”

எழுதவில்லை. அவர் சொன்ன அந்த நாலு மணி நேரம் உலகத்தின் பெரிய விபத்து அறிக்கைகளில் எல்லாம் ஏதோ ஓர் உருவில் வருகிறது. 1988 ஜூலை 6 அன்று வடகடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில் ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைப் பழுது பார்க்கக் கழற்றியிருந்தார்கள். பகல் ஷிஃப்ட் அதற்குச் சீட்டு எழுதியது. இரவு ஷிஃப்டுக்கு அந்தச் சேதி போய்ச் சேரவில்லை. மற்றொரு பம்பு நின்றுபோக, இந்தப் பம்பை ஓட்டினார்கள். 167 பேர் இறந்தார்கள். நம் பக்கத்தில், 2013 ஆகஸ்ட் 23 அன்று விசாகப்பட்டினம் இந்துஸ்தான் பெட்ரோலிய ஆலையின் குளிர்விப்புக் கோபுரத்தில் தீப்பிடித்து 20-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பெரும்பாலும் தாராசுரத்து வெல்டரைப் போன்ற ஒப்பந்த ஆட்கள்.

இந்தச் சீட்டை யார் சரிபார்க்கிறார்கள்? 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36, 37 பிரிவுகள், வாயு இருக்கக்கூடிய தொட்டிக்குள் எழுத்துச் சான்று இல்லாமல் ஆளை இறக்கக் கூடாது, எரியும் பொருள் இருந்த கலத்தில் அதை நீக்காமல் வெல்டிங் செய்யக் கூடாது என்றன. போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு, 1987-இல், ஆபத்து கண்ணெதிரே இருந்தால் அதை எடுத்துச் சொல்லும் உரிமையைத் தொழிலாளிக்கே கொடுத்தார்கள். இப்போது அந்தச் சட்டத்தின் இடத்தில் 2020-ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டம் வந்துவிட்டது. ஆய்வாளர் என்ற பெயரும் ‘ஆய்வாளரும் உதவியாளரும்’ என்று பொருள்படும்படி மாறியிருக்கிறது. ஆலைக்குள் சீட்டு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கான தரம் 105-ஆம் எண் கொண்டது. அதை வகுத்த எண்ணெய்த் தொழில் பாதுகாப்பு இயக்ககம் நோய்டாவில் இருக்கிறது. பெட்ரோலியக் கிடங்குக்கு உரிமம் தரும் அமைப்பின் தலைமையகம் நாக்பூரில். மாநிலத்தின் தொழிலகப் பாதுகாப்பு இயக்ககம் சென்னையில்.

ஊராட்சி? டீக்கடைக்கும் மாவு மில்லுக்கும் உரிமம் தரும். ஆலை கட்ட, இயந்திரம் பொருத்த அனுமதி கேட்டு வரும் விண்ணப்பத்தைப் பார்க்கும். ஆலை ஓடத் தொடங்கிய பிறகு உள்ளே நடக்கும் பழுதுபார்ப்பில் அதற்குக் கேள்வி கேட்க இடமில்லை. தீ வந்தால் ஒலிபெருக்கியில் ஊரைக் காலி செய்யச் சொல்லும் வேலை மட்டும் முதலில் அதன் தலையில் விழும். இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

வேறு மாதிரியும் செய்ய முடியும். அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ பக்கத்தில் கான்ட்ரா கோஸ்டா என்று ஒரு மாவட்டம். வரிசையாகச் சுத்திகரிப்பு ஆலைகள். அங்கே மத்திய அரசும் மாநில அரசும் பார்த்துக்கொள்ளட்டும் என்று மாவட்ட மன்றம் சும்மா இருக்கவில்லை. 1998 டிசம்பரில் தன் சொந்தத் தொழிற்பாதுகாப்பு விதியை இயற்றியது. மாவட்டச் சுகாதாரத் துறையின் பொறியாளர்கள் ஆலைக்குள் போய்த் தணிக்கை செய்கிறார்கள். செலவை ஆலைகளே கட்டணமாகக் கட்டுகின்றன. கண்டுபிடித்ததை ஊர் மக்கள் முன்னால் வைக்கிறார்கள்.

விதி நடைமுறைக்கு வந்த அடுத்த மாதமே, 1999 பிப்ரவரி 23 அன்று, அங்கே டாஸ்கோ ஆலையில் அரித்துப்போன நாஃப்தாக் குழாயை மாற்றும்போது நான்கு தொழிலாளர்கள் எரிந்து இறந்தார்கள். குழாய் முழுதாக வடியவில்லை, ஆலையும் ஓடிக்கொண்டிருந்தது. அன்று காலை சீட்டு எழுதித்தான் வேலையைத் தொடங்கியிருந்தார்கள். 2012 ஆகஸ்ட் 6 அன்று அதே மாவட்டத்து ரிச்மண்டில் செவ்ரான் ஆலையின் அரித்த குழாய் வெடித்து, ஏறத்தாழ 15,000 பேர் மூச்சுத் திணறலும் எரிச்சலுமாக மருத்துவமனைகளுக்குப் போனார்கள். ஆகவே உள்ளூர் விதி மந்திரக்கோல் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் அந்த ஊர்க்காரர்களுக்குக் கேட்க ஓர் அவை இருந்தது, விதியை இறுக்கச் சொல்ல ஓர் இடம் இருந்தது, 2014-இல் இறுக்கவும் செய்தார்கள். கதிராமங்கலத்துக்காரர்களுக்குச் சாலைதான் இருந்தது.

நம்மிடம் ஒன்றுமே இல்லை என்று நானும் பல காலம் நினைத்திருந்தேன். இரண்டு விதிகளைத் தேடிப் படித்த பிறகு அந்த எண்ணம் போயிற்று. அபாயகரமான இரசாயனங்களுக்கான 1989-ஆம் ஆண்டு விதிகள், பெரிய விபத்து நேரக்கூடிய ஆலை தன்னைச் சுற்றி வாழ்கிறவர்களுக்கு என்ன ஆபத்து, அப்போது என்ன செய்ய வேண்டும் என்பதை முன்கூட்டியே தெரிவித்தாக வேண்டும் என்கின்றன. 1996-இல் வந்த இரசாயன விபத்து விதிகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. இத்தகைய ஆலைகள் உள்ள தொழிற்பகுதிக்கு உள்ளூர் நெருக்கடிக் குழு ஒன்று இருக்க வேண்டும். அதில் தொழிற்சாலை ஆய்வாளர், தீயணைப்பு அலுவலர், வட்டார வளர்ச்சி அலுவலர், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் இவர்களோடு, ஆலைக்கு மிக அருகிலுள்ள ஊரின் தலைவரும் உறுப்பினர். மாதம் ஒருமுறை கூட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை முழு ஒத்திகை நடத்த வேண்டும்.

ஊராட்சிக்கு நாற்காலி போட்டு முப்பது ஆண்டாகிறது என்று பொருள். ஷட்டவுன் எந்தத் தேதியில் தொடங்குகிறது, எத்தனை ஒப்பந்த ஆட்கள் வருகிறார்கள், வேலை தொடங்குமுன் மீட்டர் மறுபடியும் வைக்கப்படுகிறதா என்று கேட்க அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. வெல்டரால் கேட்க முடியாது, அவர் பிள்ளைகள் படிக்கிறார்கள். ஊராட்சித் தலைவரால் கேட்க முடியும். அவரை எந்தக் கான்ட்ராக்டரும் அடுத்த முறை வேண்டாம் என்று விட்டுவிட முடியாது.

அந்தக் குழுவின் உறுப்பினர் பட்டியலில் உள்ளூர்ப் பத்திரிகை ஆசிரியருக்கும் ஓர் இடம் இருக்கிறது. படித்தபோது எனக்குக் கூச்சமாக இருந்தது. டெல்டாவில் இத்தனை ஆண்டு எழுதுகிறேன், இந்த வரியைப் பார்த்ததில்லை.

நேற்று நாகப்பட்டினம் ஆட்சியர் அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு மனு அனுப்பியிருக்கிறேன். உள்ளூர் நெருக்கடிக் குழுவின் இன்றைய உறுப்பினர்கள் யார், கடந்த மூன்று ஆண்டில் எந்தெந்தத் தேதியில் கூடியது, கடைசி ஒத்திகை எங்கே நடந்தது என்று கேட்டிருக்கிறேன். சட்டப்படி முப்பது நாளில் பதில் வர வேண்டும். வந்ததும் அதை அப்படியே இந்தப் பக்கத்தில் அச்சிடுகிறேன்.

(தொடரும்)