பத்தாயிரம் டாலர் பந்தயம்

2011 டிசம்பர் 10. அயோவா மாநிலத் தலைநகர் டி மாய்னில் குடியரசுக் கட்சி வேட்பாளர்களின் விவாதம். டெக்சாஸ் கவர்னர் ரிக் பெர்ரி, மிட் ராம்னியின் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டார். மாசசூசெட்ஸின் கட்டாய மருத்துவக் காப்பீடு நாட்டுக்கே முன்மாதிரி என்று முதலில் எழுதிவிட்டு, மறுபதிப்பில் அதை நீக்கிவிட்டாரே என்பது குற்றச்சாட்டு. ராம்னி சட்டென்று கையை நீட்டினார். பத்தாயிரம் டாலர் பந்தயம், சம்மதமா?

பெர்ரி நழுவிவிட்டார். மறுபதிப்பில் சில சொற்கள் மாறியது உண்மை. பெர்ரி சொன்ன அளவுக்கு அல்ல. ஆனால் பந்தயத் தொகைதான் செய்தியானது. போகிறபோக்கில் பத்தாயிரம் டாலரை வீசுகிற கோடீஸ்வரர்! அசல் சந்தேகம் அப்படியே நின்றது: இவர் நிஜமாகவே பழமைவாதிதானா?

சந்தேகத்தின் வேர் பாஸ்டனில் இருக்கிறது. 2006 ஏப்ரல் 12 அன்று ஃபேனுயில் ஹாலில் மாசசூசெட்ஸ் கவர்னராக இருந்த ராம்னி அந்தக் காப்பீட்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். உடன் நின்றவர் ஜனநாயகக் கட்சி செனட்டர் டெட் கென்னடி. 1994 செனட் தேர்தலில் ராம்னியைத் தோற்கடித்த அதே கென்னடி. வசதியுள்ளவர்கள் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும், எடுக்காவிட்டால் அபராதம், ஏழைகளுக்கு அரசு மானியம். இதுதான் சட்டத்தின் சாரம்.

ரீகன் காலத்துச் சட்டம் ஒன்று இங்கே வருகிறது. காசில்லாமல் வந்தாலும் அவசரப் பிரிவில் நோயாளியைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று 1986இல் சொன்னார்கள். அப்படியானால் அந்தச் செலவு யார் தலையில்? ஒழுங்காகப் பிரீமியம் கட்டுகிறவர் தலையில். ஆகவே ஓசியில் வைத்தியம் பார்ப்பவரையும் கட்ட வைப்பதுதான் பொறுப்பு என்று ராம்னி வாதிட்டார். இதில் இடதுசாரி வாடை எங்கே?

வாடை இல்லைதான். யோசனையே வலதுசாரிகளுடையது. ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் என்ற வலதுசாரி ஆய்வு அமைப்பு 1989இலேயே முன்வைத்தது. 1993இல் குடியரசுக் கட்சி செனட்டர் ஜான் சேஃபி மசோதாவாகவே கொண்டுவந்தார். 2011 அக்டோபரில் லாஸ் வேகாஸ் விவாதத்தில் சக வேட்பாளர் நியூட் கிங்ரிச் வம்பிழுத்தபோது, "இந்த யோசனையே உங்களிடமிருந்து வந்ததுதான்" என்று ராம்னி திருப்பியடித்தார். என்னிடமிருந்து அல்ல, ஹெரிடேஜிடமிருந்து என்று கிங்ரிச் திருத்தினார். அரங்கில் நடந்த வாக்குமூலங்களில் இது உயர்ந்த ரகம்.

பிறகு ஏன் குற்றம்? 2010 மார்ச்சில் இதே யோசனை கொண்ட, ஒபாமாகேர் எனப்பட்ட மத்திய சட்டத்தில் ஒபாமா கையெழுத்திட்டதால்தான். பிள்ளை மாற்றான் வீட்டில் வளர்ந்ததும் சொந்த வீட்டில் பெயர் சொல்லக்கூட ஆளில்லை. 2011 மே மாதம் ஆன் ஆர்பரில் ராம்னி கணினித் திரையில் படம் போட்டு விளக்கினார்: மாநிலம் செய்தால் சரி, மத்திய அரசு செய்தால் தவறு. வால் ஸ்ட்ரீட் ஜர்னலின் தலையங்கமோ அவரை ஒபாமாவின் ஜோடி வேட்பாளர் என்று கிண்டலடித்தது. சட்ட நுணுக்கத்தில் ராம்னியின் வாதம் செல்லும். ஆனால் கூட்டத்துக்கு நுணுக்கம் வேண்டியிருக்கவில்லை, மன்னிப்புதான் வேண்டியிருந்தது. அதை மட்டும் அவர் கேட்கவில்லை.

எப்படிக் கேட்பார்? மாசசூசெட்ஸ் சட்டசபைக் கட்டடத்தில் தொங்கும் அவருடைய ஓவியத்தில், மேஜைமேல் மனைவி ஆனின் புகைப்படத்துக்குப் பக்கத்தில் அந்தச் சட்டமும் இருக்கிறது.

கட்சி கடைசியில் அவரையே வேட்பாளராக்கியது, தேர்தலில் தோற்றார். 2015 அக்டோபரில், இந்தத் திட்டத்துக்குத் தன்னைத் தூண்டிய நண்பர், ஸ்டேப்பிள்ஸ் நிறுவனர் டாம் ஸ்டெம்பெர்க் இறந்தபோது, ராம்னிகேர் எனப்பட்ட தன் சட்டம் இல்லாவிட்டால் ஒபாமாகேர் வந்திருக்காது என்று ராம்னியே பாஸ்டன் குளோபிடம் சொன்னார். பிறகு ஃபேஸ்புக்கில் ஒரு விளக்கம் போட்டார்: ஒபாமாகேரை நான் எதிர்க்கிறேன்.

(தொடரும்)