உஷார்! வாட்ஸ்அப்பில் வரும் அபராதச் சீட்டு

நில்லுங்கள்! 'உங்கள் வண்டி போக்குவரத்து விதியை மீறியுள்ளது, சலானைப் பார்க்க ஃபைலைத் திறக்கவும்' என்று வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறதா? தொடாதீர்கள். வண்டி நம்பர் சரியாகவே இருந்தாலும் தொடாதீர்கள்.

திருவண்ணாமலையில் ரமணாசிரமம் பக்கத்தில் மாடி அறைகளை வாடகைக்கு விடும் அம்மா ஒருவர். தங்க வருகிறவர்கள் அவசரத்துக்குக் கேட்டால் வீட்டு ஸ்கூட்டரையும் கொடுப்பார். பௌர்ணமி கிரிவலம் முடிந்த மறுநாள் இந்த மெசேஜ் வந்தது. அறைக்காரர் யாரோ செங்கம் சாலையில் ஹெல்மெட் இல்லாமல் போய் கேமராவில் மாட்டியிருப்பார் என்று அவரே முடிவு கட்டிவிட்டார். அனுப்பியதும் தெரிந்த நம்பர், பால்காரருடையது. தொட்டார். எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்டது, கொடுத்தார். ஒன்றும் திறக்கவில்லை. நெட் இல்லை போலிருக்கிறது என்று போனை வைத்துவிட்டு உலையைப் பார்க்கப் போய்விட்டார்.

சாயங்காலத்துக்குள் கணக்கு காலி! ஓடிபி வந்ததுகூட அவருக்குத் தெரியாது. அந்த ஆப் படித்து அனுப்பிவிட்டது. அதே ஃபைல் இவர் பெயரில் சொந்தபந்தம் எல்லாருக்கும் போயிருந்தது. பால்காரர் போனும் இப்படித்தான் மாட்டியிருந்தது, பாவம்.

'ஆசிரமம் வரைக்கும்தானே' என்று ஹெல்மெட் இல்லாமல் கிளம்பாதவர் இங்கே எத்தனை பேர்? மனசிலிருக்கும் அந்த உறுத்தலைத்தான் திருடன் பிடித்துக்கொள்கிறான். தமிழ்நாட்டில் 2022 அக்டோபர் முதல் ஹெல்மெட் இல்லாவிட்டால் 1,000 ரூபாய், லைசென்ஸ் இல்லாவிட்டால் 5,000. பயம் வரத்தானே செய்யும்?

ஃபைல் பெயர் 'ஏபிகே' என்று முடிகிறதா? ஆபத்து! அது சலான் இல்லை, ஆப். அரசாங்கம் அபராதத்தை ஆப்பாக அனுப்பாது. யாரோ ஒருவரின் பத்து இலக்க நம்பரிலிருந்து வந்ததா? ஆபத்து! இன்றே கட்டாவிட்டால் கைது என்று மிரட்டுகிறதா? ஆபத்து! லிங்க்கில் தளத்தின் பெயர் 'ஜிஓவி.இன்' என்று முடியாமல், நடுவில் மட்டும் அது ஒட்டிக்கொண்டிருக்கிறதா? பெரிய ஆபத்து!

அதற்காக எல்லாமே பொய் என்று விட்டுவிடவும் கூடாது. நிஜ சலானைக் கட்டாமல் விட்டால் கோர்ட்டுக்குப் போகும். வண்டியை விற்கும்போது பெயர் மாற்றவும் முடியாமல் நிற்கும். ஸ்கூட்டரை யார் ஓட்டியிருந்தாலும் நோட்டீஸ் ஆர்சி-யில் பெயர் இருப்பவருக்குத்தான் வரும்.

வந்த லிங்க்கை விடுங்கள். பரிவாகன் இ-சலான் தளத்துக்கு நீங்களே போங்கள். வண்டி நம்பரும் சேஸிஸ் அல்லது இன்ஜின் நம்பரின் கடைசி 5 எழுத்துகளும் கொடுத்துத் தேடுங்கள். என்ன தப்பு, எந்தத் தேதி, எந்த இடம் என்று பாருங்கள். உண்மையா, அங்கேயே கட்டுங்கள். உங்கள் வண்டியே இல்லையா, கட்டாமல் அங்கேயே புகார் கொடுங்கள்.

ஏற்கெனவே தொட்டுவிட்டீர்களா? உடனே நெட்டை அணையுங்கள். வேறு போனில் பேங்குக்கும் 1930-க்கும் சொல்லுங்கள். ஒரு நிமிஷம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். பணம் கை மாறுவதற்குள் முடக்கினால்தான் திரும்பக் கிடைக்க வழி.

1930. இந்த நம்பரை இப்போதே உங்கள் போனில் பதிந்து வையுங்கள். வீட்டுப் பெரியவர்கள் போனிலும் நீங்களே பதிந்து கொடுங்கள்.