ஃபோர்டு போன பிறகும் ஜீலாங்கில் கூட்டம் கூடுவது ஏன்?

மெல்போர்னிலிருந்து 75 கி.மீ. தொலைவிலுள்ள ஜீலாங், கம்பளி வியாபாரத்தில் வளர்ந்த துறைமுக ஊர். 1925-இல் ஃபோர்டு வந்தது. 2014-இல் அல்கோவா அலுமினிய உருக்காலை மூடப்பட்டது. 2016 அக்டோபரில் ஃபோர்டும் உற்பத்தியை நிறுத்தியது.

ஊர் காலியாகியிருக்கணும்தானே? நடந்தது தலைகீழ். கிரேட்டர் ஜீலாங் மாநகராட்சிப் பகுதியில் 2011 கணக்கெடுப்பில் சுமார் 2.11 லட்சம் பேர், 2021-இல் 2.71 லட்சம். பத்தே ஆண்டில் 28% கூடுதல்!

காரணம்? மெல்போர்னைவிட வீட்டு விலை குறைவு, ஒரு மணி நேர ரயில். விபத்து இழப்பீட்டு ஆணையம் 2009-இல் இங்கே இடம்பெயர்ந்தது. தேசிய மாற்றுத்திறனாளிகள் காப்பீட்டு முகமையின் தலைமையகமும் இங்கேதான். பழைய கம்பளிக் கிடங்கில் இப்போது டீக்கின் பல்கலைக்கழகம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்க: எஞ்சின் வார்த்த கைகளுக்கு இந்த அலுவலக நாற்காலிகள் தானாகக் கிடைத்துவிடாது. மக்கள்தொகைக் கணக்கில் அது தெரியாது.