உப்பளமும் பல்செட்டும்: உங்களுக்குத் தெரியுமா?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தைத் தாண்டும்போது, வெள்ளை வெளேரென்று பாத்தி பாத்தியாக உப்பு விளைந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். தாடை எலும்பில் திருகி நிறுத்தும் பல்செட்டுக்கும் அந்த உப்புக்கும் உறவு உண்டு. தெரியுமா?

ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் இருக்கின்றன. வெயிலில் சுண்டிச் சுண்டி, உப்புநீரின் அடர்த்தி பார்க்கும் மானி 25 டிகிரியைத் தொட்டதும் பாத்தியில் உப்பு பூக்கிறது. பல் மருத்துவர் கையிலுள்ள சலைன் என்னும் உப்புநீரில் லிட்டருக்கு 9 கிராம்தான்! எலும்பில் துளையிடும்போது அதைப் பீய்ச்சிக்கொண்டே இருப்பார்கள். காரணம், எலும்பின் சூடு 47 டிகிரி செல்சியஸுக்கு ஏறி ஒரு நிமிடம் நின்றாலே அங்குள்ள செல்கள் செத்துப்போகும்!

உப்புக் காற்று இரும்பைத் தின்றுவிடும். டைட்டானியத்தை ஒன்றும் செய்யாது! காற்றுப் பட்ட கணமே அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் போர்த்திக்கொள்ளும். கடல்நீரும் அரிக்காது, எச்சிலும் அரிக்காது. அந்த உலோகத்தின் தாதுவான இல்மனைட், நம் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலேயே கிடைக்கிறது!

டைட்டானியத்தை எலும்போடு சேர்க்கக் கற்றுக்கொடுத்தது முயல்! 1952இல் ஸ்வீடனின் பிரோனமார்க், ரத்த ஓட்டத்தை ஆராய முயலின் கால் எலும்பில் டைட்டானியக் கருவி ஒன்றைப் பதித்தார். ஆய்வு முடிந்து எடுக்கப் பார்த்தால் வரவில்லை. எலும்பு அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது!

1965இல் யோஸ்டா லார்சன் என்பவரின் தாடையில் பிரோனமார்க் பொருத்திய இம்பிளான்ட் (பல்லைத் தாங்கும் டைட்டானியத் திருகு), லார்சன் 2006இல் இறக்கும்வரை உழைத்தது. 40 ஆண்டுக்கு மேல்!

இதற்கும் முன்னோடிகள் மாயன்கள். 1931இல் ஹோண்டுராஸில் கிடைத்த பழைய கீழ்த்தாடை ஒன்றில், முன்பற்கள் இருந்த இடத்தில் சிப்பித் துண்டுகள் செருகப்பட்டிருந்தன. வயது சுமார் 1,400 ஆண்டு!

பல் போனால் தாடை எலும்பும் தேயும், தெரியுமா? மேல்தாடையைவிடக் கீழ்த்தாடை பல மடங்கு அதிகமாகத் தேய்கிறது. கீழ்ப் பல்செட் ஆடுவதும், முறுக்கைக் கடிக்க முடியாமல் போவதும் அதனால்தான்.

இதற்கு வாய் நிறைய இம்பிளான்ட் தேவையில்லை! பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு இரண்டு இம்பிளான்டும், அவற்றில் மாட்டும் பல்செட்டுமே முதல் தேர்வு என்று 2002இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் சொன்னார்கள். டிக் பட்டன் போல அழுத்தினால் மாட்டிக்கொள்ளும். இரவில் கழற்றிக் கழுவி வைக்கலாம்.

வேலை ஒரே நாளில் முடியாது. முதலில் ஸ்கேன், சர்க்கரைப் பரிசோதனை. பிறகு மரத்துப்போக ஊசி போட்டு இம்பிளான்டைத் திருகுவார்கள். எலும்பு பிடிக்கப் பொதுவாக 3 முதல் 6 மாதம் ஆகும். அதற்குப் பிறகுதான் பட்டனும் பல்செட்டும். புகைப்பவர்களுக்கும் சர்க்கரை கட்டுப்படாதவர்களுக்கும் தோல்விக்கான வாய்ப்பு அதிகம்.

செலவு? தனியார் கிளினிக்கில் ஒரு இம்பிளான்டுக்குத் தோராயமாக 20,000 முதல் 50,000 ரூபாய். இரண்டும் பல்செட்டும் சேர்ந்தால் லட்சத்தை ஒட்டி வரும். நான்கு இம்பிளான்டில் கழற்ற முடியாத பல்வரிசை என்றால், ஒரு தாடைக்கே சில லட்சம். மழைக்காலத்தில் வேலையே இல்லாத உப்பளத் தொழிலாளிக்கு இது எட்டாத தொகை. அரசு பல் மருத்துவக் கல்லூரிகளில் விசாரிப்பது நல்லது. மரக்காணத்துக்காரர்களுக்குப் புதுச்சேரி கோரிமேட்டில் மகாத்மா காந்தி பட்டமேற்படிப்பு பல் மருத்துவ நிறுவனம் இருக்கிறது. சென்னையில், 1953இல் பல் மருத்துவக் கல்வி தொடங்கிய அரசுக் கல்லூரி இருக்கிறது.

எங்கே போனாலும் அட்வான்ஸ் கட்டுமுன் இரண்டு கேள்வி கேளுங்கள்: "கீழ்த்தாடைக்கு இரண்டு இம்பிளான்ட் போதுமா? பட்டனுக்குள் இருக்கும் வளையம் தேய்ந்தால் மாற்ற எவ்வளவு?" பதிலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்!