ஊரில் அட்டை, இங்கே அரிசி

விடுதியில் இடமின்றி, வெளியே அறையெடுத்துச் சமைத்துண்ணும் நண்பர்கள் ‘ரேஷன் அட்டை ஊரிலல்லவா இருக்கிறது!’ என்று பெருமூச்சு விடுகின்றனர். அவ்வட்டை இங்கும் செல்லும். 2019-இல் நான்கு மாநிலங்களில் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை’த் திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது, 2022-இல் நாடு முழுமையும் அடங்கிவிட்டது.

ஆனால், எல்லா அட்டையும் செல்லாது. பி.எச்.எச். என்றோ பி.எச்.எச்.-ஏ.ஏ.ஒய். என்றோ குறியிருந்தால் உண்டு. என்.பி.எச்.எச். என்றால் அது முன்னுரிமையற்ற அட்டை. அதற்குரிய பண்டங்கள் தமிழ்நாட்டு அரசு தன் பொறுப்பில் தருவன, எல்லை தாண்டி வாரா. ஒற்றை ‘என்’ செய்யும் வேலை இது!

அட்டையைத் தபாலில் வரவழைக்க வேண்டுவதில்லை. அட்டை எண்ணையோ ஆதார் எண்ணையோ சொல்லி, கருவியில் விரல் வைத்தால் போதும். பி.எச்.எச். அட்டைக்குத் தலைக்கு மாதம் 5 கிலோ தானியம். 2023 முதல் இலவசம். வடக்கே கோதுமையும் சேர்ந்து வரலாம். சர்க்கரையும் பருப்பும் ஊரில்தான். ஒன்று கவனியுங்கள்: உங்கள் பங்கை மட்டும் வாங்குங்கள். நால்வர் பங்கையும் இங்கே வாங்கிவிட்டால், ஊர்க்கடைக்குப் போகும் அம்மாவின் பை வெறுமையாகவே திரும்பும்.

உறுப்பினரை உறுதி செய்ய விரற்பதிவு கேட்டு ஊரிலிருந்து சொல்லியனுப்பினாலும் ரயிலேற வேண்டாம். அதையும் இங்குள்ள ரேஷன் கடையிலேயே முடிக்கலாம்.