ட்ரென்போலோன்: மாட்டுக்குரிய மருந்தும் மனிதருக்குள்ள அபாயமும்

பொலிகாளையின் கழுத்தும் திமிலும் திரண்டு நிற்பதையும், அதே ஜாதியில் காயடிக்கப்பட்ட வண்டிமாடு அவ்வளவு திரளாமலிருப்பதையும் குடியானவர்கள் நன்கறிவார்கள். விதைகளில் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோனே இவ்வேற்றுமைக்குக் காரணமாகும். அதனை அனுசரித்து ரஸாயன முறையில் செய்யப்படும் மருந்துகளுக்கு அனபாலிக் ஸ்டீராய்டுகள் என்று பெயர். தசையை வளர்க்கும் குணத்தை மிகுத்து, ஆண்தன்மையை உண்டாக்கும் குணத்தைக் குறைப்பதே இவற்றைச் செய்தோரின் நோக்கம். எனினும் பின்னதை அறவே நீக்க இதுகாறும் ஒருவராலும் இயலவில்லை.

இவற்றுள் ட்ரென்போலோன் அஸிடேட் என்பது கால்நடைகளுக்குரியது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1987-ல் இதற்கு அனுமதி அளிக்கப்பட்டது. அங்கே மாமிசத்திற்கென்று வளர்க்கும் காயடித்த காளைகளின் காதுத் தோலுக்கடியில் இம்மருந்து வில்லைகளைச் செலுத்துகின்றனர். ஒரு வகையில் 120 மில்லிகிராம் ட்ரென்போலோன் அஸிடேட்டும் 24 மில்லிகிராம் எஸ்ட்ராடியோலும் அடங்கியிருக்கும். வில்லை மெல்ல மெல்லக் கரைய, தின்ற தீனியில் அதிக பாகம் தசையாக மாறுகிறது. காதைத் தேர்ந்ததற்கும் காரணமுண்டு. வெட்டும்போது அதனைக் கழித்துவிடுவதால் மிஞ்சிய மருந்து உணவிற் சேராது. உழவுக்கும் பாலுக்கும் மாடு வைத்திருப்போருக்கு இதனால் ஆவதொன்றுமில்லை.

மாமிசத்தில் தங்கும் மருந்து ஒரு கிலோகிராமுக்கு 2 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது என்பது சர்வதேச அளவு. இவ்வளவு அற்பமான அளவால் தீங்கில்லை என்பது அமெரிக்கர் கட்சி. ஐரோப்பியரோ அதனை ஒப்பாது, இத்தகைய மாமிசத்தின் இறக்குமதியை 1989 ஜனவரி முதல் தடுத்தனர். தக்க ஆராய்ச்சியின் மேல் அத்தடை எழவில்லையென்று உலக வர்த்தக ஸ்தாபனம் 1998-ல் தீர்ப்பளித்தும், தடையை அவர்கள் விடவில்லை. சாணத்தோடும் மூத்திரத்தோடும் வெளிப்படும் மருந்தின் கதை இன்னும் விசித்திரமானது. இம்மருந்து கலந்த நீரில் விட்ட பெண் மீன்களின் தலையில் ஆண் மீனுக்குரிய முண்டுகள் தோன்றியதாக 2003-ல் வெளியான பரிசோதனை காட்டிற்று. வெயிலிற் சிதையும் இம்மருந்து இருளில் ஓரளவு மீண்டும் உருப்பெறுகிறதென்று 2013-ல் தெரியவந்தது.

மனிதருக்கு வருவோம். ட்ரென்போலோனின் வேறொரு சேர்க்கை பிரான்ஸ் தேசத்தில் மனித வைத்தியத்திற்கு விற்கப்பட்டு, 1997-ல் நிறுத்தப்பட்டது. இவ்வினத்தைச் சேர்ந்த நாண்ட்ரோலோனைச் சிறுநீரக நோயால் வரும் சோகைக்கு வைத்தியர்கள் கொடுத்ததுண்டு. ஆனால் அவர்கள் அளவையறிந்து, இரத்தத்தைச் சோதித்துக் கொடுத்தனர். தேகப்பயிற்சி செய்யும் வாலிபர் சிலர் மாட்டுக்குரிய ட்ரென்போலோனையே திருட்டுத்தனமாய் வாங்கிப் போட்டுக்கொள்வது முற்றிலும் வேறு விஷயம். வெளியிலிருந்து ஹார்மோன் வரவே விதைகள் தம் தொழிலை நிறுத்திச் சுருங்குகின்றன, மலட்டுத்தன்மை நேரிடுகிறது. இரத்தத்திலுள்ள நல்ல கொழுப்புக் குறைகிறது, இருதயத்தின் சுவர் தடிக்கிறது. பெண்கள் உபயோகித்தால் குரல் தடித்துப்போகும். மருந்தை விட்ட பின்னும் அது பழைய நிலைக்குத் திரும்பாமற் போகலாம். காயடித்த மாட்டுக்கு இழப்பதற்கு விதையில்லை, அதன் ஆயுளும் குறுகியதே. ஆதலால் மாட்டின் அனுபவத்தைக் கொண்டு மனிதருக்கு இது தீங்கற்றதென்று வாதிப்பது பொருந்தாது.

முன்னமே போட்டுக்கொண்டவர்கள் மருந்தின் பெயர், அளவு, போட்ட நாட்கள் ஆகியவற்றை ஒளியாமல் வைத்தியரிடம் தெரிவித்து, ஈரலையும் இருதயத்தையும் சோதித்துக்கொள்ள வேண்டும்.